எட்டுப் படகுக்கு என்ன ஆகும்?

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘கூட்டல் மேடம்’. யார் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு சொன்னாலும் நான் அதற்கு மேல் ஏற்றிச் சொல்வேன் என்பதால் அந்தப் பட்டம். நான் ஏற்றிச் சொன்ன எதுவும் பிற்பாடு இறங்கி வந்ததில்லை. ஆனால் அதை யாரும் பட்டமாக வைப்பதில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புத் துறை ஒரு கட்டடமோ கப்பலோ கட்டக் கிளம்பினால், கட்டுகிறவர்கள் தரப்பிலிருந்து ஒரு செலவு மதிப்பீடு வரும். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல் தனியாக இன்னொரு மதிப்பீடு போட்டுக் கொடுப்பது எங்கள் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டே பேர். நானும், எதிர் மேசையில் இருக்கும் ‘சந்தேகமும்’. வெளியே நல்ல வெயில் என்று நான் சொன்னாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய படிப்பு கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். குளியலறை ஓடுகளை மாற்ற என் கணவர் ஒரு தொகை சொன்னார். நான் அதை ஒன்றரை மடங்காக்கினேன். “உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றார். பழைய ஓடுகளைப் பெயர்த்ததும் பின்னாலிருந்த குழாய் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. கடைசியில் என் தொகையையும் தாண்டியது. அதற்கும் என் வாய்தான் காரணம் என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

இந்தச் சமயத்தில்தான் எட்டு ரோந்துப் படகுகள் வந்தன. கடற்கரை நெடுக எட்டு காவல் நிலையங்கள், நிலையத்துக்கு ஒரு படகு. பழைய படகுகள் எல்லாம் இரும்பு. புதியது அலுமினியம். எடை பாதி, வேகம் அதிகம். துறைச் செயலர் அந்தப் படகின் மாதிரியைத் தன் மேசையில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டிருந்தார்.

கப்பல் தளத்துக்காக மதிப்பீடு போட்டவர் வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர். கெட்டிக்காரர், நாகரிகமானவர், எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை. நானும் சந்தேகமும் அவருக்கு வைத்த பெயர் ‘ஃபார்முலா’. இதுவரை கட்டிய எல்லாப் படகுகளின் எடையையும், கட்டப் பிடித்த உழைப்பையும் ஒரு படத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, நடுவே ஒரு கோடு இழுத்திருந்தார். எல்லாப் புள்ளிகளும் சமர்த்தாக அந்தக் கோட்டில் உட்கார்ந்திருந்தன. இத்தனை டன் என்றால் இத்தனை உழைப்பு. புதிய படகு பாதி எடை, ஆகவே பாதி உழைப்பு, ஆகவே மலிவு. கேட்கக் காதுக்கு இனிமையாக இருந்தது.

அந்தப் புள்ளிகள் எல்லாமே இரும்பு. கோட்டை அப்படியே நீட்டி அலுமினியத்தையும் அதில் உட்கார வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஒரு கோடு பத்து முறை உண்மையைச் சொல்லிவிட்டால் பதினோராவது முறை அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒன்றை எடை குறைவாகச் செய்வது லேசான காரியமா? துணி மெலிய மெலியத் தையல்கூலி ஏறத்தானே செய்கிறது.

அதனால் நான் கோட்டை நம்பாமல் கப்பல் தளத்துக்கே போனேன். அங்கே பற்றவைப்புப் பிரிவின் ஃபோர்மேன் இருந்தார். நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனிதர். படகின் நடு உடலில் ஒரு பகுதியைக் கட்ட எவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று கேட்டேன்.

“ஆயிரத்து நூறு ஆள்-மணி மேடம். எங்க பசங்க கையில அதுகூட அதிகம்” என்றார். ஒரு ஆள் ஒரு மணி நேரம் செய்கிற வேலை ஒரு ஆள்-மணி. எங்கள் உலகத்தில் எல்லாவற்றையும் அதில்தான் அளப்போம்.

அனுபவசாலியைக் கேட்பதும் ஒரு முறைதான். ஆனால் அனுபவசாலிகள் எல்லோரிடமும் ஒரு வியாதி உண்டு. வாழ்க்கையிலேயே அமோகமாக நடந்த ஒரு நாளை மனதில் வைத்துக்கொண்டுதான் கணக்குச் சொல்வார்கள். அதனால் நான் கேள்வியைத் திருப்பினேன்.

“அண்ணே, அலுமினியத்துல கடைசியா ஒரு வேலை சொதப்புச்சே, அது எப்படி சொதப்புச்சு?”

அவர் முகம் சுருங்கியது. “அதெல்லாம் எதுக்கு மேடம் இப்ப?”

“சும்மா சொல்லுங்கண்ணே.”

சொன்னார். அரை மனதோடு ஆரம்பித்தவர், பிறகு ஆத்திரத்தோடு சொல்லித் தீர்த்தார். காற்று அடித்தால் பற்றவைப்பு கெடும், திரை கட்ட வேண்டும். பற்றவைக்கும் முன் ஒவ்வொரு விளிம்பையும் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். சூடு தகடு முழுக்க ஓடி, தகடு நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்த வேண்டும், நிமிராவிட்டால் வெட்டி எடுத்து மறுபடி வைக்க வேண்டும். அவர் சொன்ன ஆயிரத்து நூறில் இவை எதுவும் இல்லை. அது அவருக்கே தெரியவில்லை.

அலுவலகத்துக்கு வந்து நானும் சந்தேகமும் அடியிலிருந்து கணக்குப் போட்டோம். பற்றவைக்க வேண்டிய நீளம் எத்தனை மீட்டர், ஒவ்வொரு மீட்டருக்கும் தேய்க்க, பிடிக்க, பற்றவைக்க, நிமிர்த்த எவ்வளவு என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக. முதல் பகுதிக்கு இரண்டாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து நானூறு ஆள்-மணி வந்தது. ஆனால் அதே ஆட்கள் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கை பழகும். நாலாவது பகுதியைக் கட்டும்போது ஆயிரத்து ஐந்நூறுக்கும் ஆயிரத்து எழுநூறுக்கும் நடுவே இறங்கிவிடும். அந்த இறக்கத்தையும் சேர்த்துத்தான் எட்டுப் படகுக்கும் செலவு போட்டேன். அப்படியும், ஒதுக்கியிருந்த பணம் ஐந்தாவது படகோடு தீர்ந்துபோகும் என்று வந்தது.

“நிச்சயமா மேடம்?” என்றார் சந்தேகம்.

“நிச்சயம்.”

“நான் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.” போட்டுப் பார்த்தார். அதே விடை. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு நம்பிக்கையைப் பார்த்தேன். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

செயலர் என் மதிப்பீட்டைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். படகு மாதிரி எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது.

“எதிலிருந்து எதுவரைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரே ஒரு எண் வேணும்மா.”

“ஒரே எண் சொன்னா அது பொய் சார்.”

“ஃபார்முலா... அவர் ஒரே எண்தான் சொல்றாரே.” அவர் வாயிலும் எங்கள் பட்டப்பெயர் புகுந்துவிட்டிருந்தது.

“அதான் சார் நானும் சொல்றேன்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. இந்தத் திட்டத்தைக் கெடுக்கத்தான் எங்கள் பிரிவு இருக்கிறதா என்று கேட்டார். மாதாமாதம் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து வயிற்றெரிச்சலை வாங்குவதைவிட வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்றார். மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளாவிட்டால் பிரிவு மூடப்படும். எனக்கு எழுதுபொருள் கிடங்கு. சந்தேகத்துக்கு வந்த இடத்துக்கே திரும்பிப் போகும் உத்தரவு.

அந்த வேலை எனக்கு உயிர். அதை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று குரலைக் கெட்டியாக்கிக்கொண்டேன்.

“சார், ஒப்பந்தம் போடறதுக்கு முன்னாடி சோதனைக்கு ஒரே மாதிரி நாலு பகுதி கட்டத்தானே போறீங்க? கட்டுங்க. யார் என்ன சொன்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதி வைங்க. நான் சொன்னது தப்புன்னா நீங்க மூட வேணாம், நானே பூட்டிச் சாவியைக் கொடுத்துடறேன்.”

என் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சரி என்றார்.

ஃபோர்மேன்தான் அந்த யோசனையைச் சொன்னார்: காகிதத்தில் எதற்கு, பகுதி கட்டும் கொட்டகைச் சுவரிலேயே எழுதிவிடலாம். ஆளுயர எழுத்தில் வெள்ளை பெயின்ட். ஃபார்முலா: தொள்ளாயிரம். ஃபோர்மேன்: ஆயிரத்து நூறு. கூட்டல் மேடம்: முதல் பகுதிக்கு இரண்டாயிரம் முதல் இரண்டாயிரத்து நானூறு, நாலாவதுக்கு ஆயிரத்து ஐந்நூறு முதல் ஆயிரத்து எழுநூறு. என் உண்மையான பெயரை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தளமே வந்து பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது.

சிரித்ததோடு நிற்கவில்லை. ஃபோர்மேனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தளத்திலேயே கைதேர்ந்த ஆட்களைப் பொறுக்கி எடுத்து முதல் பகுதியில் இறக்கினார். திரைக்குள் நீல வெளிச்சம் ஓயவில்லை. ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் செலவான ஆள்-மணியைச் சுவரில் என் எண்ணுக்குக் கீழே, வேண்டுமென்றே என் எண்ணுக்குக் கீழேதான், சாக்பீஸால் எழுதுவார்கள்.

எழுநூறு. எண்ணூறு. எண்ணூற்று எழுபதில் கடைசித் தகடும் மூடியது. பகுதி முடிந்துவிட்டது. பளபளவென்று நின்றது. கொட்டகையில் விசில் பறந்தது. யாரோ இனிப்பு வாங்கிவந்தார்கள், எனக்கும் ஒன்று நீட்டினார்கள்.

ஃபார்முலா என் பக்கத்தில் வந்து நின்றார். “விடுங்க மேடம். இது எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்றார். நிஜமான பரிவோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

என் கணக்கில் பாதி உழைப்பு நெளிவை நிமிர்த்தத்தான். நெளியவே இல்லை என்றால் என் கணக்கே இல்லை. கண்ணுக்குப் பகுதி நேராகத்தான் தெரிந்தது. செயலரின் உதவியாளர் போன் செய்து, சாவியை யாரிடம் கொடுப்பீர்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். சந்தேகம் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், முடிஞ்சிருச்சுன்னு யார் சொன்னது?” என்றார் திடீரென்று.

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“தர ஆய்வாளர் சொன்னாங்களா?”

தர ஆய்வாளர் ஒரு அம்மாள். தளத்தில் யாருக்கும் நண்பர் இல்லை, யார் வாங்கிக் கொடுத்தாலும் டீகூடக் குடிக்க மாட்டார். நீளமான எஃகு அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இனிப்புப் பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அளவுகோலைத் தகட்டின் மேல் வைத்தார். கீழே ஒரு சின்ன இடைவெளி. அதில், அனுமதித்த நெளிவின் அளவே தடிமனுள்ள ஒரு தகட்டுத் துண்டைச் செருகிப் பார்த்தார். உள்ளே போனது. அடுத்த இடத்தில் வைத்தார். அங்கேயும் போனது. பகுதியை முழுக்கச் சுற்றி வந்து, சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டார். அவர் முடிக்கும்போது பகுதிக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

“இது தேறாது. நிமிர்த்துங்க. நிமிராததை வெட்டுங்க” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் அந்த இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு இனிப்பைச் சாப்பிட்டதில்லை.

அதற்கப்புறம் சுவரில் எண்கள் ஏற ஆரம்பித்தன. ஆயிரம் தாண்டியபோது ஃபார்முலாவின் தொள்ளாயிரம் பின்னால் போயிருந்தது. ஆயிரத்து நூறு தாண்டியபோது ஃபோர்மேன் சுவர்ப் பக்கம் வருவதை நிறுத்தினார். ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் உப்பியது. வெட்டினார்கள், வைத்தார்கள், மறுபடி அளவுகோல் வந்தது. விசில் அடித்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஆய்வாளர் அம்மாள் கடைசியாகத் தலையாட்டியபோது சுவரில் இருந்தது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. என் எண்களுக்கு நடுவே, எனக்காகவே இடம்போட்டு வைத்ததுபோல.

செயலர் அப்போதும் விடவில்லை. “இப்படியே போனா படகே வேணாம். இந்த விலைக்கு யாரு ஒத்துப்பா?” என்று போனில் கத்தினார். ஏறும்போது என்னை நம்பாதவர், இறங்கும் என்று சொன்னபோதும் நம்பவில்லை. சுவரில் பாதி எண்களை மட்டும் படித்திருந்தார்.

மிச்சத்தைப் படிக்க வைத்தவர் ஃபோர்மேன். முதல் பகுதி அவரை மண்ணைக் கவ்வ வைத்திருந்தது. அதே கையோடு எழுந்தார். தகடுகளைப் பிடித்துக்கொள்ள அவரே ஒரு சட்டம் வடிவமைத்தார். ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகப் பற்றவைத்து, சூட்டைச் சேரவிடாமல் பார்த்துக்கொண்டார். இரண்டாவது பகுதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை ஒட்டி முடிந்தது. மூன்றாவது இன்னும் இறங்கியது.

நாலாவது பகுதியின்போது என்னிடம் வந்தார். “மேடம், ஆயிரத்து ஐந்நூறுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கும் கீழ முடிச்சா உங்களுக்கு வருத்தமா இருக்குமா?”

“முடிச்சுப் பாருங்கண்ணே. நானே மாலை போடறேன்.”

முடிக்க முடியவில்லை. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. ஆனால் அன்றைக்குக் கொட்டகையில் எழுந்த சத்தம் இருக்கிறதே, அது எனக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை. ஃபோர்மேன் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. யாரோ சுவரில் என் எண்ணைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டார்கள். சந்தேகம் மட்டும் நாலு பகுதிகளின் எண்களையும் கூட்டி, ஒருமுறை சரிபார்த்துவிட்டு அப்புறம்தான் சிரித்தார்.

ஆனால் சுவர் பணம் ஒதுக்காது. திட்டச் செலவை முடிவு செய்யும் குழு கூடியது. நீளமான மேசை, ஒரு பக்கம் செயலர், மறுபக்கம் நான். ஓரத்தில் ஃபார்முலா. செயலர் இரண்டு மதிப்பீடுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பவரைப்போலப் பேசினார்.

“அம்மா சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அவர் சொன்னதையும் தள்ளிட முடியாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண்ணை வச்சுக்கலாம். பிரிவும் இருக்கட்டும். யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்.”

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. எனக்கு விரித்த நல்ல மெத்தை அது. பேசாமல் படுத்துவிட்டால் பிரிவு பிழைக்கும், நாற்காலி பிழைக்கும், சந்தேகமும் எதிர் மேசையிலேயே இருப்பார். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் காது மடல் சூடேறியது.

“சார், தொள்ளாயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவுல எந்தப் பகுதியாவது முடிஞ்சுதா? முதல் பகுதி முடிஞ்சப்ப அந்த நடு எண்ணு எங்க இருந்துச்சு? அவர் போட்டது ஒரு கணக்கு, நான் போட்டது ஒரு கணக்கு. நடுவுல இருக்கறது யாரும் போடாத கணக்கு.”

“சமரசம்னு ஒண்ணு இருக்கும்மா.”

“மனுஷங்ககூட சமரசம் பண்ணலாம் சார், தகட்டுகூட எப்படிப் பண்றது? நீங்க சொல்ற பணத்துக்கு ஆறரைப் படகு வரும். அந்த அரைப் படகை எந்த நிலையத்துக்கு அனுப்புவீங்க? அதுல யாரை ஏத்திக் கடலுக்குள்ள விடுவீங்க?”

செயலரின் கழுத்து நரம்பு புடைத்தது. என் பிரிவின் கதை அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஓரத்தில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஃபார்முலா எழுந்து நின்றார்.

“நான் என் மதிப்பீட்டைத் திரும்ப எடுத்துக்கறேன்” என்றார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. “என் கோடு இரும்புக்குப் போட்டது. அலுமினியத்துக்கு நீட்டினது என் தப்பு. இந்த நாலு பகுதியையும் நான் நேர்ல இருந்து பார்த்தேன். மேஜையில இருக்க வேண்டிய கணக்கு ஒண்ணுதான். அது அவங்களோடது.”

சொல்லிவிட்டு, செயலர் முன்னாலிருந்த தன் தாள்களை அவரே போய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எத்தனை பெரிய மனிதர்! அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததற்காக எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. நடு எண்ணுக்கு இரண்டு ஓரம் வேண்டும். ஒரு ஓரம் எழுந்து போய்விட்டது.

செயலர் என் தாள்களைக் கடைசிவரை புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த மேல் எண்ணைக் கேட்டு வாங்கினா எட்டும் முடியுமா?”

“முடியும் சார். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவுல எங்கயாவது முடியும். மிஞ்சினா திருப்பிக் கொடுங்க.”

“ஒரே எண்ணாச் சொல்ல மாட்டீங்க.”

“மாட்டேன் சார்.”

மேசையின் மறுகோடியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். செயலருக்கே உதடு கோணியது. பேனாவை எடுத்தார். இரண்டு எண்களையும், கீழ் எண்ணையும் மேல் எண்ணையும், தன் கையால் தீர்மானத்தில் எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: இனி எந்தத் திட்டமும் எங்கள் பிரிவின் மதிப்பீடு இல்லாமல் இந்தக் குழுவுக்கு வரக் கூடாது. கையெழுத்துப் போட்டார். பணம் கேட்கும் கடிதம் மேலே போனது, நிதித்துறை இரண்டு முறை முகம் சுளித்தது, நாலு பகுதிகளின் விவரத்தையும் கேட்டு வாங்கிப் படித்தது, முழுசாகக் கொடுத்தது.

உத்தரவு வந்த அன்று மத்தியானம் நான் படிக்கட்டிலேயே நின்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

“என்ன ஆச்சு?” என்றார் என் கணவர். “ஆறா, ஆறரையா?”

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வந்தது. மேலே மாடியில் சந்தேகம் உத்தரவை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“எட்டுங்க” என்றேன். “எட்டும்!”